இலவசமாகக் கிடைத்ததை விற்கலாமா? வெப் ஹோஸ்டிங் ரீசெல்லர் திட்டங்களில் உள்ள சாதக பாதகங்கள்

(நம் கிளப் ஹவுஸில் நடந்த காலாண்டுச் சந்திப்பில், சி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

போண்டா ஆறுவதற்குள் பேச்சை முடித்துவிடுங்கள் என்று பொருளாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஏ பிளாக் தம்பி ஒருவர். இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறார். போன கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்ம அசோசியேஷன் வெப்சைட்டை நானே இலவசமா ஹோஸ்ட் பண்ணித் தர்றேன். வருஷா வருஷம் கட்டுற பணம் மிச்சம்" என்றார். எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது முழு விவரமும் சொன்னார். ஓர் இலவச ரீசெல்லர் திட்டத்தில் சேரப் போகிறாராம். நம் மெயின் ரோட்டில் இருக்கும் கடைக்காரர்கள் பத்துப் பேரிடம் பேசியும் வைத்திருக்கிறார். ஆளுக்கு வருடம் 1,500 ரூபாய். "சரியா வருமா அங்கிள்?" என்று கேட்டார்.

லிஃப்ட் ஐந்தாவது மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் இன்று இங்கே நிற்கிறேன். தம்பியும் அவருடைய அம்மாவும் முன்வரிசையில் இருக்கிறார்கள். நம் வெப்சைட்டை என்ன செய்வது என்று கமிட்டியும் இன்று முடிவெடுக்க வேண்டும்.

ரீசெல்லர் என்றால் யார்?

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு நிமிடம். வெப்சைட் என்பது படங்களும் எழுத்துகளும் கொண்ட கோப்புகள்தான். அவை 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில், இருக்க வேண்டும். அந்த இடத்தை வாடகைக்கு விடுவதுதான் ஹோஸ்டிங். நம் வெப்சைட்டின் பெயர் டொமைன். டொமைன் என்பது வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை என்றால், ஹோஸ்டிங்தான் வீடு. இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ரீசெல்லர் என்பவர் உள்வாடகைக்கு விடுபவர். ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து மொத்தமாக இடம் வாங்கி, சிறு சிறு பங்காகப் பிரித்து, தன் சொந்தப் பெயரில் விற்கிறார். கடைக்காரருக்குத் தெரிவது ரீசெல்லரின் பெயர் மட்டும்தான். பின்னால் இருக்கும் நிறுவனத்தின் பெயர் அவர் கண்ணில் படவே படாது.

வழக்கமாக ரீசெல்லர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இலவசத் திட்டத்தில் அது இல்லை. எடுத்துக்காட்டாக, ஐஃபாஸ்ட்நெட் என்ற நிறுவனத்தின் மைஓன்ஃப்ரீஹோஸ்ட் திட்டத்தைச் சொல்லலாம். உங்கள் டொமைனைக் கொண்டுபோய் இணைத்தால், உங்கள் பெயரிலேயே ஒரு ஹோஸ்டிங் சேவையை நடத்தலாம். சர்வர் அவர்களுடையது. உங்கள் வாடிக்கையாளர் பின்னால் கட்டணத் திட்டத்துக்கு மாறினால் உங்களுக்குக் கமிஷன். வேறு சில நிறுவனங்கள் சேருவதற்கு மட்டும் கட்டணம் வாங்குவதில்லை. விற்பதற்கு ஏற்பப் பணம் பிடித்துக்கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் "இலவசம்" என்றுதான் விளம்பரம். எது இலவசம், எதுவரை இலவசம் என்று படித்துப் பார்ப்பது முதல் வேலை.

நன்மைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்

முதல் நன்மை, முதலீடு இல்லை. ஒரு டொமைன் வாங்கும் செலவு மட்டும்தான். அப்பாவிடம் கடன் கேட்காமல் ஒரு மாணவர் தொழில் தொடங்க முடிகிறது என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டாவது, படிப்பு. டொமைனை சர்வருடன் இணைப்பது, டேட்டாபேஸ் உருவாக்குவது, பாதுகாப்புச் சான்றிதழ் போடுவது, பழுது கண்டுபிடிப்பது எல்லாம் கல்லூரியில் ஒரு செமஸ்டர் நடத்தினாலும் கையில் பழகாது. இங்கே பத்து நாளில் பழகிவிடும். அதைவிடப் பெரிய படிப்பு, "நேத்து ராத்திரியிலிருந்து என் சைட் வரலையே" என்று ஒரு கடைக்காரர் கோபமாகப் பேசும்போது பொறுமையாகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வது.

மூன்றாவது, சந்தையைத் தொட்டுப் பார்க்கலாம். நம் ரோட்டில் வெப்சைட்டுக்குப் பணம் கொடுக்க யாராவது இருக்கிறார்களா, எவ்வளவு கொடுப்பார்கள் என்று கைப்பணத்தைப் போடாமலே தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது, மெஷின் தலைவலி இல்லை. கரண்ட், ஏசி, ஹார்ட் டிஸ்க் மாற்றுவது எல்லாம் மேலே இருக்கும் நிறுவனத்தின் பாடு.

ஆகவே "இலவசமா? ஓடிப் போ" என்று சொல்ல நான் வரவில்லை. நானே அந்த வழியாக வந்தவன்தான்.

என் கதை

2010 வாக்கில், வேலைக்குப் போய்க்கொண்டே இதைத்தான் செய்தேன். இலவச ரீசெல்லர் கணக்கு ஒன்று. பன்னிரண்டு வாடிக்கையாளர்கள். தையல் கடை, ஹோமியோபதி டாக்டர், கல்யாண மண்டபம், ஒரு பாட்டு டீச்சர், இப்படி. இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. வந்த பணத்தில் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின்கூட வாங்கினேன்.

ஒரு புதன்கிழமை காலை பன்னிரண்டு தளங்களும் காணோம். என்ன ஆயிற்று என்றால், தையல் கடையின் தளத்தில் பழைய மென்பொருளை நான் அப்டேட் செய்யாமல் விட்டிருந்தேன். யாரோ உள்ளே புகுந்து ஒரு வங்கியின் போலிப் பக்கத்தை அங்கே வைத்துவிட்டார்கள். நிறுவனம் அந்த ஒரு தளத்தை மட்டும் நிறுத்தவில்லை. என் மொத்தக் கணக்கையும் மூடிவிட்டது. அவர்கள் செய்தது விதிப்படி சரி. சேரும்போது நான் படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்திய ஒப்பந்தத்தில் அது இருந்தது. கடிதம் மேல் கடிதம் போட்டேன். ஆறாம் நாள் பதில் வந்தது: கணக்கு மூடப்பட்டது, தரவுகள் அழிக்கப்பட்டன.

என் லேப்டாப்பில் ஐந்து தளங்களின் நகல் இருந்தது. மற்ற ஏழுக்கு இல்லை. அந்த ஏழில் ஒன்று பாட்டு டீச்சருடையது. அவருடைய மாணவிகள் பாடிய பதிவுகள், ஆண்டு விழாப் படங்கள் எல்லாம் அதில்தான். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் முந்தைய வருடமே போய்விட்டது. "வெப்சைட்டில் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்.

நேரில் போய்ச் சொன்னேன். நிறுவனத்தின் பெயர், விதி, ஒப்பந்தம் எல்லாம் விளக்கினேன். அவர் திட்டவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "உங்ககிட்டதானே குடுத்து வெச்சேன்?"

அந்தக் கேள்விக்குப் பதினைந்து வருடமாகியும் என்னிடம் பதில் இல்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டுகளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தம்பி, நான் சொல்ல வந்த விஷயம் இந்த ஒன்றுதான். கடைக்காரர் உங்களிடம் வாங்குவது சர்வரில் இடம் இல்லை, உங்கள் வாக்கை. இலவசத் திட்டம் உங்களுக்கு இடம் தரும், கன்ட்ரோல் பேனல் தரும். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு மேலே யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். கீழே நீங்கள் பொறுப்பு, மேலே யாரும் பொறுப்பில்லை. மற்ற பாதகங்கள் எல்லாம் இதன் கிளைகள்தான்.

கவனிக்க வேண்டிய பாதகங்கள்

திட்டமே மூடப்படலாம். ஜியோசிட்டீஸ் ஒரு காலத்தில் இலவச வெப்சைட் என்றாலே நினைவுக்கு வந்த பெயர். 1999-இல் யாகூ அதை வாங்கியது. பத்தே வருடத்தில், 2009 அக்டோபரில், மூடிவிட்டது. ஆர்வலர்கள் சிலர் ஓடி ஓடி நகல் எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. 2007-இல் தொடங்கிய 000வெப்ஹோஸ்ட் என்ற பிரபலமான இலவச சேவையும் 2024-இல் நிறுத்தப்பட்டது. பணம் வாங்காத சேவையை நிறுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு. அதே 000வெப்ஹோஸ்டில் 2015-இல் ஒரு பெரிய திருட்டு நடந்தது. சுமார் 1 கோடியே 35 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. பாஸ்வேர்டுகளை மறைக்குறியாக்கம் எதுவும் செய்யாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் அதில் அதிர்ச்சி. சாவிக்கொத்தில் வீட்டு நம்பரையும் எழுதி செக்யூரிட்டி கேபின் ஜன்னலில் தொங்கவிட்டது போல.

இலவச டொமைன். பெயர்ப்பலகை என்று சொன்னேனே, அதையும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஃப்ரீநாம் என்ற நிறுவனம் டாட் டிகே உள்ளிட்ட ஐந்து வகை முகவரிகளை இலவசமாக வழங்கியது. மோசடிக்காரர்களும் அதையே விரும்பிப் பயன்படுத்தினார்கள். மெட்டா நிறுவனம் வழக்குப் போட்டது. 2023-இல் புதிய பதிவுகள் நின்றன. 2024 பிப்ரவரியில், டொமைன் தொழிலை விட்டே விலகுவதாக ஃப்ரீநாம் அறிவித்தது. வீடு போனால் வேறு வீடு பார்க்கலாம். பெயரே போனால், விசிட்டிங் கார்டு, கடை போர்டு, பில் புத்தகம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

அக்கம்பக்கம். ஒரே சர்வரில், ஒரே முகவரி எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். ஒருவர் குப்பை மெயில் அனுப்பினால் அந்த எண்ணே கறுப்புப் பட்டியலில் சேரும். பிறகு நம் கடைக்காரர் அனுப்பும் நியாயமான கொட்டேஷன்கூட ஸ்பேம் பெட்டியில் விழும். இலவசத் திட்டங்களில் மெயில் அனுப்பும் வசதியையே பெரும்பாலும் அடைத்தோ குறைத்தோ வைத்திருப்பார்கள்.

நேரக் கணக்கு. 99.9 சதவீத நேரம் தளம் இயங்கும் என்று உறுதி சொன்னால், வருடத்தில் 8 மணி 45 நிமிடம்வரை நிற்கலாம் என்று அர்த்தம். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்கும் மேல். இலவசத் திட்டத்தில் இந்த உறுதிமொழியே இருக்காது, அல்லது மீறினால் நஷ்ட ஈடு கிடையாது. ஆனால் கல்யாண மண்டபக்காரர் முகூர்த்த சீசனில் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடுவது உங்களைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

பத்துக் கடை, ஆளுக்கு 1,500. வருடம் 15,000 ரூபாய். கட்டண ரீசெல்லர் திட்டம் மாதம் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 8,400. மிஞ்சுவது 6,600. இலவசத் திட்டமென்றால் முழு 15,000-மும் கையில் நிற்கும். பார்த்தால் இலவசம்தான் லாபம்.

அந்த 8,400-ஐ நான் லாபம் என்று எழுத மாட்டேன். இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டாமல் மிச்சம் பிடித்த பணம் அது. வண்டி இடிக்காத வரைக்கும் மிச்சம்தான்.

தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஒரு பழமொழி உண்டு. நம் வீட்டுத் தொழுவத்தில் கட்டி வைக்கிற மாடென்றால் பார்க்க வேண்டாம். அடுத்தவர் வண்டியில் பூட்டப் போகிறோம் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. டொமைன் யார் பெயரில் இருக்கிறது? கடைக்காரர் பெயரிலும், அவருடைய மெயிலிலும், அவருடைய போன் நம்பரிலும் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் இருக்கவே கூடாது. நீங்கள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாலும் அவருடைய பெயர்ப்பலகை அவரிடமே இருக்கும்.

2. முழு பேக்கப்பை நானே இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் அந்தத் திட்டம் வேண்டாம்.

3. ஒரு தளத்தில் தவறு நடந்தால் அதை மட்டும் நிறுத்துவார்களா, மொத்தக் கணக்கையுமா? எத்தனை நாள் முன்னறிவிப்பு?

4. இந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது? விளம்பரமா, கட்டணத் திட்டத்துக்கு மாற்றுவதா? பதில் தெரியவில்லை என்றால் ஒதுங்குங்கள். என் வாடிக்கையாளரை நேரடியாக அணுகுவார்களா என்றும் பாருங்கள்.

5. வெளியேறும் வழி என்ன? வேறு நிறுவனத்துக்கு மாற ஒரு மணி நேரமா, ஒரு வாரமா? நம் பில்டிங்கில் தீ அணைப்புப் பயிற்சி செய்கிறோமே, அதுபோல மாறிப் பார்க்கும் பயிற்சியை ஒருமுறை செய்துவிடுங்கள்.

தம்பிக்கும் கமிட்டிக்கும்

தம்பி, இலவசத் திட்டத்தில் தாராளமாகச் சேருங்கள். ஆறு மாதம் உங்கள் சொந்தத் தளம், நண்பர்களின் புராஜெக்ட், இவற்றை மட்டும் வையுங்கள். உடைத்துப் பாருங்கள், அழித்துப் பாருங்கள், பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். யாரிடமும் பணம் வாங்காதீர்கள். முதல் கடைக்காரரிடம் முதல் ரூபாய் வாங்குகிற அன்று, அந்தப் பணத்திலேயே ஒரு சிறிய கட்டணத் திட்டத்துக்கு மாறிவிடுங்கள். பேக்கப் வாரம் ஒருமுறை, இரண்டு இடத்தில். கடைக்காரரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: உங்கள் தளம் எங்கே இருக்கிறது, நின்றுபோனால் நான் என்ன செய்வேன், எத்தனை மணி நேரத்தில் செய்வேன். அந்த ஒரு பக்கம் எழுதக் கை வராவிட்டால், விற்கிற நேரம் இன்னும் வரவில்லை.

கமிட்டிக்கு ஒரு வார்த்தை. நம் தளத்தில் நோட்டீஸ் மட்டும் இல்லை. ஃப்ளாட் நம்பர், போன் நம்பர், வாடகைக்கு இருப்பவர்களின் விவரம், மெயின்டனன்ஸ் பாக்கி எல்லாம் இருக்கின்றன. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகவலைத் திரட்டுகிறவர்தான் அதற்குப் பொறுப்பு. வேறொருவரிடம் கொடுத்து வைத்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு அதில் இடம் இருக்கிறது. நம்மிடம் யாரும் 250 கோடி கேட்கப் போவதில்லை. ஆனால் தனியாக இருக்கும் ஒரு பெரியவரின் போன் நம்பர் மோசடிக்காரன் கைக்குப் போனால், "இலவசமா வெச்சிருந்தோம்" என்று அவரிடம் சொல்ல முடியுமா? நாம் இப்போது கட்டும் ஹோஸ்டிங் கட்டணம், ஒரு வீட்டின் ஒரு மாத மெயின்டனன்ஸைவிடக் குறைவு. அதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தம்பியின் ஆர்வத்தையும் வீணாக்க வேண்டாம். இருக்கும் தளத்தின் பராமரிப்பை அவரிடம் கொடுங்கள். மாதம் ஒரு பேக்கப், அப்டேட், ஒரு சின்ன மதிப்பூதியம். உங்கள் முதல் வாடிக்கையாளர் நாங்கள்தான், தம்பி.

கேள்வி நேரம்

டி பிளாக் பெரியவர் ஒருவர், "கட்டணம் கட்டினால் ஆபத்தே இல்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஓவிஎச் என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. பணம் கட்டியவர்களின் தரவுகளும்தான் போயின. வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மறுபடி எழுந்தார்கள். கட்டணம் கட்டினால் கேள்வி கேட்கும் உரிமை கிடைக்கும், அவ்வளவுதான். பேக்கப் நம் வேலை.

வீட்டிலிருந்தே பொடி வகைகள் விற்கும் பி பிளாக் மேடம், "எனக்கு வெப்சைட் வேணுமா சார்?" என்றார். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் இந்த வட்டாரத்திலேயே இருந்தால் வாட்ஸ்அப் பிசினஸ் போதும். ஆனால் உங்கள் பிராண்ட் பெயரில் டொமைனை மட்டும் இப்போதே, உங்கள் பெயரிலேயே, பணம் கட்டி வாங்கி வையுங்கள். வீடு பிறகு கட்டிக்கொள்ளலாம். மனை உங்களுடையதாக இருக்கட்டும்.

போண்டா ஆறிவிட்டது என்று பொருளாளர் சைகை காட்டுகிறார்.

(சந்திப்பின் முடிவில் கமிட்டி எடுத்த முடிவு: நம் வெப்சைட் இப்போதிருக்கும் கட்டணத் திட்டத்திலேயே தொடரும். பராமரிப்பும் மாதாந்தர பேக்கப்பும் ஏ பிளாக் தம்பியின் பொறுப்பு. பேக்கப்பின் ஒரு நகல் அலுவலக அலமாரியில் உள்ள ஹார்ட் டிஸ்கில் வைக்கப்படும். சாவி செயலாளரிடம் இருக்கும்.)